பேராண்டி வாங்குன மேக்குக்குள்ள விண்டோஸு

ஏண்டா பேராண்டி, விண்டோஸ் சகவாசமே வேணாம்னு சொல்லித்தானே உங்கப்பன்கிட்ட அடம்புடிச்சு அந்த மேக்கை வாங்குன? மல்லாட்டை வித்த காசு பூரா அதுலதான் போச்சு. இப்ப வந்து, "தாத்தா, இதுக்குள்ள விண்டோஸ் போடணும், எப்படி?"ன்னு கேக்குற. வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள வுட்டுக்கறவன் எவனும் முன்கூட்டி யோசனை கேட்டதில்ல. நீ கேக்குற. அந்த மட்டும் நம்ம வம்சத்துல நீ ஒரு படி ஒசத்திதான்.

உக்காரு. காலேஜு லேபுல அட்டெண்டரா இருந்து நாற்காலி தொடச்ச கெழவனுக்கு இதெல்லாம் என்னா தெரியும்னு உன் கூட்டாளி ஒருத்தன் சிரிச்சானாமே. சிரிக்கட்டும். வாத்தியாருங்க வந்தாங்க, போனாங்க. எந்த மிஷினை எந்தப் பக்கம் தட்டுனா எழுந்திரிக்கும்னு தெரிஞ்சவன் அட்டெண்டர்தான்.

நேத்து ராத்திரி நீ பண்ண கூத்தை உங்க ஆயா சொன்னா. யூடிஎம்னு ஒரு புரோகிராமை ஓசியில இறக்கியிருக்க. விண்டோஸ் 11 ஐஎஸ்ஓ ஒண்ணை அஞ்சு ஜிபிக்கு மேல டேட்டா செலவழிச்சு இறக்கியிருக்க. 'விர்ச்சுவலைஸ்'னு இருந்த பட்டனை அமுக்கிட்டு கைய கட்டிக்கிட்டு உக்காந்திருக்க. வந்தது என்னா? கருப்புத் திரை. அதுல மஞ்சக் கலருல 'ஷெல்'னு ஒரு சொல்லு, பக்கத்துல கண்ணடிச்சுக்கிட்டு ஒரு கோடு. நீயும் அதைப் பாத்தே, அதுவும் உன்னைப் பாத்துது. பொண்ணு பாக்கப் போன எடத்துல பேச்சு வராத மாதிரி ரெண்டு பேரும் விடிய விடிய இருந்திருக்கீங்க.

தப்பு மேக்கு மேல இல்ல. நீ இறக்குனது இன்டெல், ஏஎம்டி சிப்புக்குன்னு செஞ்ச விண்டோஸ். உன் மேக்குல இருக்கறது ஆர்ம் சிப்பு. இவன் ஒரு பாஷை, அவன் ஒரு பாஷை. உள்ள வந்தவன் வாயைத் தொறந்து என்னா கேட்டாலும் சிப்புக்கு வெளங்கல. அதனால வாசல்லயே நிறுத்தி வச்சிருச்சு. ஆப்பிள் 2020 ஜூன்லயே ஊரறிய சொல்லிட்டான், இனிமே இன்டெல்லை வுட்டுட்டு சொந்த சிப்புக்குப் போறன்னு. அந்த வருசம் நவம்பர்ல எம்1 கடைக்கு வந்தாச்சு. அதுக்கு முன்னாடி இன்டெல் மேக்குல 'பூட் கேம்ப்'னு ஒண்ணு இருந்துது. டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சு, காலையில மேக்கு, சாயங்காலம் விண்டோஸுன்னு ஓட்டலாம். புது சிப்பு வந்ததும் அந்தக் கதவை சாத்திட்டான்.

பூட் கேம்ப் தெரியலன்னா உங்க அத்தைப் பையனைக் கேளு. 2011ல அம்மா ஆட்சியில பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சாங்களே, அதுல ரெண்டு இருந்துது. ஒரு பக்கம் விண்டோஸு, இன்னொரு பக்கம் நம்ம சென்னை சிடாக்குக்காரங்க பண்ண பாஸ் லினக்ஸ். போடும்போது எது வேணும்னு கேக்கும். அவன் ஒரு நாளாச்சும் லினக்ஸைத் தொட்டிருப்பான்னு நெனைக்கிற? அதைத் தொடச்சிட்டு அந்த எடத்துல விஜய் படமா அடுக்கி வச்சிருந்தான். ஆனா அது ஒரு நேரத்துக்கு ஒருத்தன்தான். நீ கேக்கறது அது இல்ல. மேக்கு ஓடிக்கிட்டு இருக்கும்போதே அதுக்குள்ள விண்டோஸும் ஓடணும்ங்கற.

சிதம்பரத்துல பொறந்தவனுக்கு இதை வெளக்க வெளியூரு போக வேணாம். நடராஜர் கோயிலுக்குள்ள போ. தெக்கு பாத்து ஒருத்தர் ஆடிக்கிட்டு இருக்காரு. கூப்புடு தூரத்துல கெழக்கு பாத்து இன்னொருத்தர் படுத்துக்கிட்டு இருக்காரு. தில்லைத் திருச்சித்திரகூடம், 108 திவ்ய தேசத்துல ஒண்ணு. மதிலு ஒண்ணு, ராஜகோபுரம் அதே நாலு. ஆனா சந்நிதி தனி, பூசை தனி, இங்க தீட்சிதரு, அங்க பட்டாச்சாரியாரு. சரியான எடத்துல நின்னா ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல கும்புட்டுக்கலாம். நீ பண்ணப் பாக்கறதும் அதான். சிப்பு ஒண்ணு, ரேம் ஒண்ணு, டிஸ்க்கு ஒண்ணு. அதுக்குள்ள விண்டோஸுக்குத் தனி சந்நிதி. யாருக்கு எம்மாம் நேரம், எம்மாம் எடம்னு நடுவுல நின்னு பங்கு போடறவனுக்கு ஹைப்பர்வைசர்னு பேரு. மேக்குல அந்த ஆளை ஆப்பிளே உள்ள வச்சு அனுப்புறான். யூடிஎம்மு, பேரலல்ஸு எல்லாம் அவனைக் கேட்டுத்தான் வேலை செய்யுது. ஒண்ணு மட்டும் சொல்றன்: வூட்டுக்காரரு யாரு, விருந்தாளி யாருன்னு கம்ப்யூட்டர்ல கேட்டுக்க. கோயில்ல போய்க் கேட்டுடாத. அந்தக் கேள்வியைத் தூக்கிக்கிட்டு கோர்ட்டு வாசல்ல நின்னவங்க ரொம்பப் பேரு.

இந்த ஒரே மதிலுக்குள்ள ரெண்டு பேருங்கற வித்தை நேத்து வந்தது இல்ல. ஐபிஎம்காரன் 1967லயே அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் கேம்பிரிட்ஜுல பண்ணிட்டான். சிபி-40ன்னு பேரு. ஒரு பெரிய மிஷினை உடைக்காமலே பல மிஷினாக் காட்டுச்சு. உன் ஆர்ம் சிப்பு பொறந்தது இங்கிலாந்து கேம்பிரிட்ஜுல, 1985ல, ஏகார்ன்ங்கற கம்பெனியில. ஒரே பேருல ரெண்டு ஊரு இருந்தா வெளியாளு கொழம்புவான். கடலூரு ஓல்டு டவுன்ல எறங்கி நியூ டவுனுக்கு ஆட்டோ புடிக்கிற நமக்கு என்னா கொழப்பம்?

அந்த 1985 கதையைக் கேளு, நல்லா இருக்கும். சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர்னு ரெண்டு பேரு. மொத சிப்பு ஏப்ரல் 26ஆம் தேதி வந்துது. போர்டுல மாட்டுனாங்க, ஓடுச்சு. எம்மாம் கரண்டு இழுக்குதுன்னு ஃபர்பர் மீட்டரை வச்சுப் பாத்தா சைபர் காட்டுது. என்னாடான்னு தேடிப் பாத்தா, சிப்புக்குக் கரண்டு குடுக்கற இணைப்பே போர்டுல சேரல. சுத்தி இருந்த சிக்னல் கம்பியில இருந்து கசியிற கரண்டைக் குடிச்சே அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்திருக்கு. நம்ம ஊர்ல எவனாச்சும் மீட்டர்ல சைபர் காட்டுனா கரண்டாபீசுக்காரங்க கொக்கியைத் தேடிக்கிட்டு வந்திருப்பாங்க.

அந்தக் குணம்தான் இன்னிக்கும் உன் மேக்குல இருக்கு. சூடாவறதில்ல, பேட்டரி நாள் பூரா நிக்குது. நீ சின்னப் புள்ளையா இருந்தப்ப, 2011 டிசம்பர் கடைசியில தானே புயல் அடிச்சுதே, பண்ருட்டி பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு, நம்ம பக்கம் நாள் கணக்கா கரண்டு இல்லாமக் கெடந்தோமே, அப்ப இந்த மாதிரி ஒண்ணு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அதனால நீ வாங்குனது தப்புன்னு நான் சொல்லல. இந்த சிப்பு ஒண்ணும் அதிசயப் பொருளும் இல்ல. என் சட்டைப் பையில கெடக்கற செல்லுலயும் ஆர்ம்தான். ஸ்ரீபெரும்புதூருல நம்ம ஊரு பொண்ணுங்க பஸ்ஸுல போயி சேத்து முடிக்கிற ஐபோன்லயும் ஆர்ம்தான். நீ லட்ச ரூபாய்க்குப் பக்கம் குடுத்து வாங்கிட்டு, பழைய சோறு மாதிரி எல்லாரு வூட்டுலயும் இருக்கறதை என்கிட்ட புதுசுன்னு சொல்லாத.

சரி, மேட்டருக்கு வரன். அதே பாஷை பேசற விண்டோஸு இருக்கு. 'விண்டோஸ் 11 ஆர்ம்'னு போட்டிருக்கும். ரொம்ப நாளைக்கு அதைத் தனியா யாருக்கும் குடுக்காம வச்சிருந்தான் மைக்ரோசாப்ட்டு. ஆப்பிளைக் கேட்டா, "அது மைக்ரோசாப்ட் கையில இருக்கு"ன்னாங்க. மைக்ரோசாப்ட்டைக் கேட்டா வாயே தொறக்கல. நம்ம தாலுகா ஆபீசுதான். 2023 பிப்ரவரியிலதான் பேரலல்ஸ் 18ல ஓட்டிக்கலாம்னு மைக்ரோசாப்ட்டு வாய் வுட்டு சொன்னான். 2024 நவம்பர்ல ஆர்ம் ஐஎஸ்ஓவையே சைட்டுல வச்சிட்டான். அதே மாசம், இதே வேலையைப் பண்ற விஎம்வேர் ஃபியூஷனும் எல்லாருக்கும் ஓசின்னு ஆயிடுச்சு. பேரலல்ஸு மட்டும் மொய் கேக்கும். எல்லாத்தையும் வழவழன்னு அதுவே பண்ணிக் குடுக்கும், அதுக்குத்தான் அந்த மொய். நீ காசு குடுக்காம யூடிஎம்மோ ஃபியூஷனோ போட்டுக்க. ஆனா விண்டோஸுக்கு லைசென்ஸ் தனியா வாங்கணும். எங்கியோ முந்நூறு ரூபாய்க்குக் கீ கெடைக்குதுன்னு சொன்னியே, அந்தப் பேச்சை என் காதுல போடாத. நான் ரிட்டையர் ஆனவன், பென்சன் வாங்கறவன்.

அந்த விண்டோஸுக்குள்ள இன்டெல்லுக்குன்னு எழுதுன புரோகிராமும் ஓடும். மைக்ரோசாப்ட்டு உள்ளயே ஒரு மொழிபெயர்ப்பாளனை வச்சிருக்கான், இப்ப அவனுக்குப் ப்ரிஸம்னு பேரு. 32 பிட்டு, 64 பிட்டு ரெண்டையும் மாத்திக் குடுப்பான். மேக்கு பக்கம் அதே வேலைக்கு ரோசெட்டா 2ன்னு ஒருத்தன் இருக்கான். அவன் படு கெட்டிக்காரன். இன்டெல் சிப்பு ரேம்ல எழுதற வரிசை ஒரு மாதிரி, ஆர்ம் எழுதற வரிசை வேற மாதிரி. அந்த வித்தியாசத்தை மென்பொருள்ல சரிக்கட்டுனா வேகம் படுத்துடும்னு, இன்டெல் வரிசையிலயே நடக்கறதுக்கு ஒரு சுவிட்சை சிப்புக்குள்ளயே வச்சிட்டான் ஆப்பிள். ஆனா ரோசெட்டா தனித்தனி புரோகிராமுக்குத்தான் ஆளு. ஒரு முழு இன்டெல் விண்டோஸையே தூக்கியாந்து எதுர்ல வச்சா, "இது என் வேலை இல்ல"ன்னு போயிருவான். உன் ஷெல்லு கதை அங்கதான் நடந்துது.

முழு இன்டெல் விண்டோஸையும் ஓட்ட ஒரு வழி இருக்குடா, அதையும் சொல்லிடறன். யூடிஎம்முல 'எமுலேட்'னு இன்னொரு பட்டன் இருக்கு. அதை அமுக்குனா கியூஎமுங்கற புரோகிராமு இல்லாத இன்டெல் சிப்பு ஒண்ணை இருக்கற மாதிரி நடிச்சுக் காட்டும். ஒவ்வொரு கட்டளையையும் புடிச்சு மாத்தி மாத்தி நடத்தும். ஓடும், ஆனா ஆமை வேகம். பேரலல்ஸும் 2025 ஜனவரியில இதே மாதிரி ஒண்ணை வெள்ளோட்டமா வுட்டான். விண்டோஸ் எழுந்திரிக்க ரெண்டுல இருந்து ஏழு நிமிசம் ஆவும், யூஎஸ்பி சொருவுனா வேலை செய்யாதுன்னு அவனே எழுதி வச்சிருந்தான். அம்மாம் பெரிய கம்பெனி முன்கூட்டியே மன்னிப்பு கேக்குதுன்னா நெலமையை நீயே பாத்துக்க.

உன் மேக்குல ரேம் எம்மாம்? எட்டா? அடப்பாவி. அதைப் பின்னாடி கூட்டவும் முடியாது, சிப்போட சேத்து வச்சு ஒட்டிட்டான். விண்டோஸ் 11 கொறஞ்சது நாலு ஜிபி ரேமும் 64 ஜிபி டிஸ்க்கும் கேக்கும். எட்டுல நாலைத் தூக்கி உள்ள வந்தவனுக்குக் குடுத்துட்டா வூட்டுக்காரன் திண்ணையில படுக்க வேண்டியதுதான். 2024 அக்டோபர்ல ஆப்பிளே பாவம் பாத்து அடிமட்ட மாடலையும் பதினாறு ஜிபியா ஆக்கிட்டான். உனக்குப் பொறுக்கல, தள்ளுபடின்னதும் முன்னாடியே ஓடிப் போயி வாங்கிட்ட.

இதுல எனக்கு ஒண்ணே ஒண்ணு ரொம்பப் புடிக்கும், ஸ்னாப்ஷாட்டு. எதையாச்சும் நோண்டறதுக்கு முன்னாடி ஒரு தபா எடுத்து வச்சிட்டியானா, அப்பறம் வைரஸு வரட்டும், அப்டேட்டு கவுக்கட்டும், பழைய நெலமைக்கே திரும்பிப் போயிரலாம். எங்க காலத்துல இருந்திருந்தா, கொல்லை மேட்டு முந்திரித் தோப்பை வித்ததுக்கு முன்னாடி நாளு ஒண்ணு எடுத்து வச்சிருப்பன். அதுக்கு முன்னாடியும் ஒரு தேதி இருக்கு, புவனகிரியில பந்தல் போட்டு நாகஸ்வரம் வச்சு நடந்துது, உங்க ஆயா காதுல வுழுவும், வுடு.

இப்ப மெயின் கேள்விக்கு வா. விண்டோஸ் உனக்கு எதுக்கு? "ப்ராஜெக்ட்டு"ங்கற. உன் தங்கச்சிகிட்ட கேட்டேன், வேலோரண்ட்டுன்னு ஏதோ துப்பாக்கி சுடற ஆட்டம்ங்கறா. அதுக்காகன்னா இப்பவே எழுந்து போ. அந்த ஆட்டத்துல திருட்டு ஆட்டக்காரனைப் புடிக்கிறதுக்குன்னு ஒரு காவக்காரன் இருக்கான், விண்டோஸோட அடிமடி வரைக்கும் போயி உக்காருவான். விர்ச்சுவல் மிஷினைக் கண்டா உள்ளயே வுட மாட்டான். மொழிபெயர்ப்பெல்லாம் மேல ஓடற புரோகிராமுக்குத்தான். அடிமடியில கை வைக்கிற எதுவா இருந்தாலும், டிரைவரா இருந்தாலும், காவக்காரனா இருந்தாலும், ஆர்ம்லயே எழுதியிருக்கணும். இதை மட்டும் பச்சை குத்தி வச்சுக்க.

நெஜமாவே ப்ராஜெக்ட்டுதான்னா, உங்க லேபுல என்னா ஓட்டறாங்கன்னு பாத்தன். சி புரோகிராமு. அதுவும் டர்போ சி. அடேய், நான் சர்வீசுல இருந்தப்பவே பழசு அது. 1980கள்ல போர்லேண்டுக்காரன் டாஸுக்குன்னு பண்ணது. நீலத் திரை, மேல மெனு, கடைசி வரியில கெட்ச். உலகம் எங்கியோ போயிருச்சு, நம்ம நாட்டு காலேஜுங்க பல எடத்துல அந்த நீலத்தை வுட மாட்டேங்குது. கோயில் பூசை மாதிரி நடத்திக்கிட்டு வராங்க. அதுக்கு விண்டோஸே வேணாம்டா! டாஸ்பாக்ஸுன்னு ஒண்ணு ஓசியில இருக்கு, மேக்குலயே நேரா ஓடும். அது பழைய இன்டெல் பிசியையே முழுசா நடிச்சுக் காட்டுது. இப்பத்தானே எமுலேட்டுனா ஆமை வேகம்னன்னு கேப்ப. அந்தக் காலத்து பிசிக்கு இருந்த தெம்பு எம்மாம்? அதை நடிச்சுக் காட்ட உன் சிப்புக்கு சுண்டு வெரலு போதும். கெழவன் வேசம் போடறது சுளுவு. உன் வயசுக்காரன் வேசம்தான் கஷ்டம்.

ஒரு குழி மட்டும் இருக்கு. டர்போ சியில புரோகிராமை ஓட்ட கன்ட்ரோல் எஃப்9 அமுக்கணும், வாத்தியாரும் அதைத்தான் சொல்லித் தருவாரு. டாஸ்பாக்ஸுல அதே கன்ட்ரோல் எஃப்9 அமுக்குனா டாஸ்பாக்ஸே மூடிக்கும். சேவ் பண்ணாம ரெண்டு மணி நேரம் அடிச்ச புரோகிராமு போன எடம் தெரியாது. எத்தனை புள்ளைங்க முழிச்ச முழி பாத்திருக்கன்! அதனால மொதல்ல எஃப்2 அமுக்கி சேவ் பண்ணு, அப்பறம் ஆல்ட்டு ஆர் அமுக்கி ரன் மெனுவைத் தொறந்து அது வழியாப் போ. வேற எவன் மேக்குலயாச்சும் இதே ஆவுதுன்னா கொஞ்ச நேரம் முழிக்க வுட்டுட்டு அப்பறமா சொல்லிக் குடு.

இன்னொரு வேலையும் தலையில போட்டுக்கிட்டு வந்திருக்க, உங்க மாமன் பிரஸ்ஸு வேலை. கடலூரு திருப்பாப்புலியூருல கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவருக்குப் பேஜ்மேக்கர் ஃபைலைத் தொறந்து தரணும்னு. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001ல, அதோட அடோப் அதை வுட்டுட்டு இன்டிசைனுக்குப் போயிட்டான். நம்ம பிரஸ்காரங்க வுடல. தாலிக்கட்டு பத்திரிகை, கருமாதி பத்திரிகை, மஞ்ச நீராட்டு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. மாப்பிள்ளை பேரை மாத்துனா வேலை முடிஞ்சுது, எதுக்கு வுடணும்? அது 32 பிட்டு புரோகிராமு, ப்ரிஸம் மாத்திக் குடுக்கற ரகம். போட்டுப் பாரு.

சிக்கல் பேஜ்மேக்கர்ல இல்ல, அவரு டப்பாவுல சொருவி வச்சிருக்காரே ஒரு லாக்கு குச்சி, அதுல. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து மென்பொருளுங்க காப்பி அடிக்காம இருக்க அந்தக் குச்சியோட வரும். அது சொருவி இருந்தாத்தான் எழுத்து வரும், இல்லன்னா கட்டம் கட்டமா வரும். குச்சிக்கு டிரைவர் வேணும், டிரைவர் அடிமடி சமாச்சாரம், இருபது வருசத்துப் பழைய குச்சிக்கு இன்னிக்கு ஆர்ம் டிரைவர் எழுதறதுக்கு எவன் உக்காந்திருக்கான்? டாஸு காலத்து டர்போ சி சிட்டாப் பறக்குது, அதுக்கு அப்பறம் பொறந்த குச்சி படுத்துடுது. வயசு இதுல கணக்கே இல்ல, எம்மாம் ஆழத்துல கை வைக்கிதுங்கறதுதான் கணக்கு. ஆடிட்டர் ஆபீசுல டிஜிட்டல் கையெழுத்துக்குத் தர்ற யூஎஸ்பி டோக்கனையும் அதே கண்ணோட பாரு. வாங்கறதுக்கு முன்னாடி 'விண்டோஸ் ஆர்ம்முக்கு டிரைவர் இருக்கா?'ன்னு கேளு. கடைக்காரன் முழிச்சான்னா இல்லன்னு அர்த்தம்.

அதனால இப்படிப் பண்ணு. சிக்கு டர்போ சி, அதுக்கு டாஸ்பாக்ஸு. உன் ஆசைக்கு வேணும்னா உபுண்டு ஆர்ம் ஒண்ணை யூடிஎம்முல போட்டு வெளையாடு. அதே பாஷை, காசும் இல்ல, விண்டோஸை வுடக் கம்மியா சாப்புடும். மாமன் பிரஸ்ஸு வேலைக்கு அவரு கடையில இருக்கற பழைய இன்டெல் டப்பாவையே வச்சுக்க, குச்சி சொருவியே இருக்கட்டும். அதுல இருக்கறது ப்ரோ விண்டோஸான்னு பாரு, இருந்தா ரிமோட் டெஸ்க்டாப்பைப் போட்டு வுடு. மேக்குல மைக்ரோசாப்ட்டு குடுக்கற 'விண்டோஸ் ஆப்'பை இறக்கிக்க. முன்னாடி அதுக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புன்னுதான் பேரு, 2024லதான் மாத்துனான். பாஸ்வேர்டு மட்டும் மாமன் பொண்ணு பேரா வைக்காத, ஊருக்கே தெரியும். வெளிய இருந்து நேரா தொறந்தும் வுடாத, விபிஎன் ஒண்ணைப் போட்டு அது வழியாப் போ. சிதம்பரத்துல உக்காந்துக்கிட்டு கடலூருல இருக்கற டப்பாவுல பத்திரிகையைத் திருத்தலாம். ரேமும் போவாது, லைசென்ஸும் வாங்க வேணாம்.

மாமன் கரண்டு பில்லைக் காட்டி உன்கிட்ட வாடகை கேப்பாரு. மாசம் நூறு ரூபாய்க்கு மேல ஒத்துக்காத. நான் சொல்லித்தான் வந்தன்னும் சொல்லாத, எனக்கும் அவருக்கும் அந்த முந்திரித் தோப்புல ஒரு கணக்கு பாக்கி இருக்கு.